ஷூவுக்குள் மூக்குக்கண்ணாடி

"கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்தப் பாருங்க சார்" என்றார் டீச்சர்.

அப்பா அவசரமாக நோட்டைப் புரட்டினார். விவாகரத்தாகி ஒரு வருடம். பாதி வாரம் அம்மா வீடு, பாதி வாரம் இவர் வீடு என்று அலைகிற மகள் என்ன கிறுக்கி வைத்தாளோ?

ஒரு ஷூ படம், அதற்குள் மூக்குக்கண்ணாடி.

"என்னடா இது?" பக்கத்தில் நின்ற மகளிடம் கேட்டார்.

"வீடு மாறும்போது கண்ணாடிய மறந்துடுவேன்லப்பா? அதான், முதல் நாள் ராத்திரியே ஷூவுக்குள்ள வச்சிடுவேன். ஷூ போடாம யாராவது கிளம்புவாங்களா? பிரஷ் மட்டும் ரெண்டு வீட்லயும் ஒண்ணு ஒண்ணு."

"அழுகை வந்தா?" டீச்சர் கேட்டார்.

"கிளம்பறதுக்கு முன்னாடியே அழுது முடிச்சிடணும் டீச்சர். அங்க போய் அழுதா, அந்த வீடு பிடிக்கலைன்னு நெனச்சுக்குவாங்க."

அப்பா மகளை அண்ணாந்து பார்க்காத குறை. பிறகு சுதாரித்து, "மன்னிச்சிடுங்க டீச்சர். இனி நோட்டுல கிறுக்க மாட்டா" என்றார்.

"ஐயோ, திட்டவா கூப்பிட்டேன்? இத ஒரு ஃபோட்டோ எடுத்துக்கட்டுமா?" டீச்சர் ஃபோனைக் கையில் எடுத்தார். "சனிக்கிழமை என் பையன் முதல் தடவையா அவங்க அப்பா வீட்டுக்குப் போறான்."

மகளின் முகத்தில் கவலை படர்ந்தது.

"அவன் போடறது ஷூவா, செருப்பா டீச்சர்? செருப்புன்னா வேற வழி சொல்லணும்."