முதுகில் ஒரு தட்டு

சமையலறை ஜன்னல் வெயில் அடுப்புமேடையில் சோம்பலாகப் படுத்திருக்கிறது. மருமகன் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். பண்ணையில் வளர்ந்த மாமியார் போன வாரம்தான் கண்ணை மூடினார். மாட்டுக்குப் பின்னால் போகிறவர் அதன் முதுகில் தட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் மிரண்டு உதைக்கும் என்பது அந்த அம்மாளின் சட்டம். மாடியிலிருக்கும் இந்த வீட்டுக்கு வந்த பிறகும் மருமகனைத் தட்டாமல் ஒருநாளும் கடந்ததில்லை. தட்டித் தட்டி முதுகே இரண்டு அங்குலம் உள்வாங்கிவிட்டது என்று ஊரெல்லாம் புலம்பியவர் இவர். இப்போது மனைவி சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்க, மின்விசிறியில் தலை இடிக்கிற உயரத்துக்குத் துள்ளுகிறார். கரண்டி தரையில் உருள்கிறது. "ஒரு தட்டுத் தட்டிட்டு வந்தா என்னவாம்?" "அம்மா தட்டினப்ப மட்டும் 'நான் என்ன மாடா'ன்னு குதிச்சீங்களே!" அவர் திரும்பவில்லை. கட்டுத்தறியில் நிற்பதுபோல், முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார்.