வலைக்குண்டும் பீங்கான் கிண்ணமும்

கடலோர ஊர் ஒன்றின் சின்ன அருங்காட்சியகத்தில், ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மண்குண்டும் ஒரு பீங்கான் கிண்ணமும் இருந்தன. குண்டு ஒரு காலத்தில் மீன்வலையோடு கடலில் இறங்கி வந்தது. ஆனால் அதன் அட்டையில் ‘குழந்தைகள் விளையாட்டுப் பொருள்’ என்று எழுதியிருந்தது. கிண்ணத்தின் அட்டையில் ‘அரண்மனையில் பயன்பட்டது’ என்றிருந்தது.

ஒருநாள், மீன் விற்கும் அமலோற்பவம் வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே வந்தாள். குண்டைக் குனிந்து பார்த்தவள் காப்பாளரைக் கூப்பிட்டாள்.

“ஐயா, இது விளையாட்டுச் சாமான் இல்ல. வலை தண்ணியில தாழணும்னு கட்டுற குண்டு. எங்க அப்பா வலையிலயும் இப்படித்தான் இருக்கும்.”

அன்று மாலையே அவர் அட்டையை மாற்றிவிட்டார். குண்டுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. கிண்ணம் மட்டும் தன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“உனக்கு என்ன ஆச்சு?” என்று குண்டு கேட்டது.

“நான் அரண்மனையைப் பார்த்ததே இல்லை. கப்பல் சமையல்காரர் பூனைக்குச் சோறு வைத்த கிண்ணம் நான். அதைச் சொல்ல இனி யார் வரப்போகிறார்கள்?”

குண்டு மெல்லக் கேட்டது: “அந்தப் பூனைக்கு என்ன பேர்?”