அறை காலியில்லை

ஊரின் பழைய ஹோட்டலை இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று முடிவு சொல்ல வந்த இன்ஜினீயர் பெண், வாசலில் நின்ற பெரியவரிடம் வசமாக மாட்டிக்கொண்டாள்.

“மாடியில மூணாவது ஜன்னல் தெரியுதாம்மா? புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு அந்த ரூம்தான். ஒருதரம் நாடகக் கம்பெனியே வந்து தங்கிச்சு. ராஜா வேஷக்காரர் அந்த பால்கனியில லுங்கியோட நின்னு பல் தேய்ப்பார்!”

அவள் சிரித்துவிட்டாள்.

“சீசன்ல ‘அறை காலியில்லை’ன்னு போர்டு தொங்கும். அதைப் பார்த்தாலே எனக்கு மனசு குளிர்ந்துடும்.”

பாவம், காலமெல்லாம் இங்கேயே உழைத்தவர் போலிருக்கிறது. அவளுக்கு மனசு இளகியது.

“உள்ளே வாங்க ஐயா. எதையெல்லாம் விட்டுவைக்கலாம்னு நீங்களே காட்டுங்க.”

பெரியவர் வாசற்படியில் தயங்கினார்.

“மாடிப்படி எந்தப் பக்கம்மா?”

“என்ன ஐயா, நீங்க இங்கே வேலை பார்க்கலையா?”

“நானா? எதிர்ல இருக்கே, அந்தச் சின்ன லாட்ஜ் என்னுது. போட்டிக்காரன் படியை மிதிக்கிறதில்லைன்னு வீம்பா இருந்துட்டேன். ஈ ஓட்டிக்கிட்டே இந்த ஜன்னல்களைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன்.”

அவர் மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தார்.

“இங்கே இடமில்லைன்னு திரும்பினவங்களாலதான் என் வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. இடிச்சுடாதீங்கம்மா.”