ஐந்நூறு யூனிட்

செங்கமலத்தம்மாள் மகன் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. போன கரண்ட் பில்லைப் பார்த்து, "அம்மா வந்ததிலேர்ந்து ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிடுது, ரேட்டே மாறிடுது" என்று மகன் தன் மனைவியிடம் மெதுவாகத்தான் சொன்னான். பின்னறை வரை கேட்டது.

அன்றிலிருந்து அவள் ஃபேனைப் போடுவதில்லை. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொள்கிறாள்.

ஃபேனுக்குப் பொறுக்கவில்லை. "ஏய் பத்திரிகை, மூணு இறக்கையோட நான் இங்க தொங்குறப்ப, உனக்கு என்ன வேலை?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. மகன் வந்தா உங்களைத்தானே போடுறாங்க?"

உண்மைதான். அவனுக்கு வேர்க்கக் கூடாதென்று, செருப்புச் சத்தம் கேட்டதுமே எழுந்து சுவிட்சைப் போடுவாள். அவன் போனதும் அணைத்துவிடுவாள்.

"அவன் வந்து பத்து நாளாச்சு" என்றது ஃபேன். "ஆமா, நீ யார் கல்யாணப் பத்திரிகை?"

"அந்த மகனோடதுதான். எல்லாரும் வாங்கன்னு அழைக்கிற இடத்துல இவங்க பேருதான் போட்டிருக்கு."

அப்போது செருப்புச் சத்தம் கேட்டது. செங்கமலத்தம்மாள் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் சுவிட்சைப் போட்டாள். ஃபேன் குஷியாகச் சுற்றியது. நாற்காலியைக்கூடத் துடைத்து வைத்தாள்.

சத்தம் கதவைத் தாண்டி, மாடிப்படி ஏறிப் போய்விட்டது.

அவள் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள். பிறகு சுவிட்சை அணைத்தாள்.

ஃபேன் தன்னால் முடிந்த மட்டும் மெதுவாக நின்றது.