கழுவிய டம்ளர்

கடலூரில், கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டிய தெரு. மகள் ரேகாவைப் பெண் பார்க்க மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்தவர்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்றே கேன் தண்ணீர் வாங்கி வைத்திருக்கிறாள் மங்கலம். "கலரெல்லாம் வேணாங்க, வெறுந்தண்ணி போதும்" என்கிறாள் மாப்பிள்ளையின் அம்மா. விருந்தாளிக்கு டம்ளரைக் கழுவாமல் கொடுக்கலாமா? கை பழக்கத்தில் போர் பைப்புக்குப் போகிறது. மஞ்சளாக ஒழுகும் தண்ணீரில் அலசி, கேன் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி நீட்டுகிறாள். வாய்க்குக் கொண்டுபோன அந்தம்மா மூக்கைச் சுளித்து, டம்ளரைத் தரையில் வைக்கிறாள். "அழுவுன முட்ட நாத்தம். இதக் குடிச்சி வளந்த பொண்ணுக்குப் புள்ள எப்புடிடா தங்கும்?" என்கிறாள் மகனிடம். "கேன் தண்ணிங்க சம்பந்தி, காலைலதான் வாங்குனது!" வாசலில் செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறது. மங்கலம் டம்ளரை எடுத்து மோந்து பார்க்கிறாள். அவளுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.