இரண்டு அறைகள், ஒரே பதில்

“உன் பொண்டாட்டிக்குப் பிடிச்ச பாட்டு எது?” என்று ஜோ அக்கா கேட்டாள்.

பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளை எட்டிப் பார்ப்பவனைப் போல ஹைபோ, யுன்சியாவின் முகத்தைப் பார்த்தான். “சினிமாப் பாட்டா?” என்றான்.

“என்னைக் கேட்டா? நானா உனக்குப் பொண்டாட்டி?”

“யுவே நாடகப் பாட்டு,” என்றாள் யுன்சியா. “பொம்பளைங்களே ஆம்பளை வேஷம் கட்டிப் பாடுவாங்களே, அது.” குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

“கேட்டுக்கிட்டியா? மனப்பாடம் பண்ணிக்கோ.”

சீனாவின் சிங்தியேன் ஊரில் ஆற்றங்கரைக் காப்பிக் கடையின் மாடியில்தான் ஜோ அக்காவின் பயிற்சி நடக்கும். ஜெர்மனியில் இருப்பவன் மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தால், அவனை அங்கே ஓர் அறையிலும், அவளை ஷாங்காயில் ஓர் அறையிலும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் விசா கிடையாது.

தாள், முத்திரை விவகாரமெல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். வாயைப் பழக்குவது மட்டும்தான் அக்காவின் தொழில். விசாவுக்காகவே ஜோடி சேர்ந்த எத்தனையோ பேரை அவள் அசல் தம்பதியாக்கி அனுப்பியிருக்கிறாள்.

கடைப் பெண் இரண்டு காப்பியை வைத்துவிட்டுப் போனாள். ஹைபோவின் முன்னால் இருந்த பால் காப்பியை யுன்சியா தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன் முன்னால் இருந்த கறுப்புக் காப்பியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் அதைக் கவனிக்காமலே எடுத்துக் குடித்தான்.

“நீ சொல்லும்மா. இவனுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது?”

“பால் ஆகாது, வயித்தைக் கலக்கிடும். காரம் வேணும். இடது பக்கம் திரும்பிப் படுப்பாரு. மழை வந்தா வலது முழங்கால் வலிக்கும்.”

“பலே! நீ படிச்சிட்டு வந்திருக்கே.” அக்கா ஹைபோவின் பக்கம் திரும்பினாள். “இப்ப நீ. இவ காப்பி எப்படிக் குடிப்பா?”

ஹைபோ அவள் முன்னால் இருந்த கோப்பையைப் பார்த்தான். “பால் ஊத்தி,” என்றான் தைரியமாக.

“நான் காப்பியே குடிக்கிறதில்ல,” என்றாள் யுன்சியா.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். புத்தாண்டு விடுமுறைக்கு ஜெர்மனியிலிருந்து வந்திருந்தவன் நாளை மறுநாள் விமானம் ஏற வேண்டும். அதற்குள் இந்த மண்டைக்குள் எதை ஏற்றுவது?

“சரி, அவன் கிடக்கட்டும். நீ ஜெர்மன்ல உன்னைப் பத்திச் சொல்லு.”

யுன்சியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் பெயர், வயது, மூக்குக் கண்ணாடிக் கடை வேலை எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் கஞ்சி வைத்துவிட்டு மாமியாரின் காலுக்குத் தைலம் தேய்ப்பேன் என்றாள். கடையில் கண்ணாடி துடைக்கும்போது காதில் ஜெர்மன் பாடம் கேட்பேன், வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் பாட்டு கேட்பேன் என்றாள். ஒரு பிழை இல்லை. லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரலைப் போலிருந்தது.

ஜெர்மனியில் பல வருஷம் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பிய ஜோ அக்காவுக்கு எல்லாமே புரிந்தது.

“மாமியாருக்குத் தைலம் தேய்ப்பேன்னு ஒண்ணு சேர்த்தே பாரு, அங்கதான் நீ நிக்கிறே! அதிகாரி அப்படியே உருகிடுவாரு. ஆனா மூஞ்சியில கொஞ்சம் சிரிப்பு வேணும்மா. புருஷன்கிட்டப் போறவ, பல்லு பிடுங்கப் போறவ மாதிரியா சொல்றது?”

யுன்சியா சிரித்துப் பார்த்தாள். உதடு மட்டும் நகர்ந்தது.

விசா கிடைக்காவிட்டால் மறுபடியும் அதே கடை, அதே பேருந்து. கிடைத்தே ஆக வேண்டும், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. கிடைத்தால் சந்தோஷமாக இருக்குமா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

“தம்பி, இவளுக்குப் பிறந்த நாள் எப்போ?”

“குளிர்காலத்துல... இல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

“பிறந்த நாளைக் கேட்டா பருவத்தைச் சொல்றியே!” அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பிறகு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்துக்கொண்டாள்.

“இங்க பாரு தம்பி. போன வாரம் ஒரு ஜோடி வந்துது. இந்த மாடிப்படியிலதான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் முதல்முதலாப் பார்த்துச்சுங்க. அதுங்ககூட உன்னைவிட நல்லாச் சொல்லிச்சுங்க. நீ இப்படியே போனேன்னா, போலிக் கல்யாணம்னு அங்கேயே முத்திரை குத்திடுவாங்க. அதோட இவ கதை முடிஞ்சுது.”

ஹைபோ தலையைக் குனிந்துகொண்டான்.

“எங்கிட்ட எதுக்கு ஒளிக்கிறீங்க? யாரு உங்களைச் சேர்த்து வெச்சது, எந்த ஏஜெண்டு? உண்மையச் சொன்னாத்தானே அதுக்கு ஏத்த மாதிரி நான் கதை கட்ட முடியும்?”

ஜெர்மன் ஒப்பித்த அதே குரலில் யுன்சியாதான் சொன்னாள்:

“நாங்க நிஜப் புருஷன் பொண்டாட்டிதான்க்கா. ஆறு வருஷமாச்சு.”