இரண்டில் சனி

ஜீவானந்தம் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

சனிக்கிழமைக் கூலிக்காகத் தறிக் கொட்டகையில் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவன் கை நீட்டி யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்குத்தான் சேலையைத் தறியிலிருந்து அறுத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தான். சிவப்பிரகாசம் முதலாளி அதை அவன் கையிலிருந்து வாங்கினார். முந்தியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். வழக்கம்போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூலி நோட்டுகளை எடுத்து, வழக்கம்போல அவன் உட்கார்ந்து நெய்கிற பலகையின் ஓரத்தில் வைக்கக் குனிந்தார்.

அப்போதுதான் கை குறுக்கே வந்தது.

"இன்னாடா?"

"கையிலயே குடுத்துடுங்க மொதலாளி. எனக்கு சனி ஆட்சியாம். ஒண்ணும் பண்ணாதாம்."

பின்னால் நின்ற கந்தசாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆட்சியப் புடிச்சிட்டாம்பா நம்ம ஜீவா. அடுத்த வாரத்துலேர்ந்து இவன்தான் நமக்குக் கூலி குடுப்பான்."

ஜீவானந்தம் கையை மடக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி அவனிடம் பிறந்த நாளும் நேரமும் கேட்டார். பஞ்சாங்கம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆடி மாசம், மாடு வீடு திரும்பும் நேரம் என்று அம்மா சொல்லி வைத்திருந்ததை இவன் சொன்னான். விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, மகர லக்கினம், இரண்டில் சனி என்றார். இரண்டாம் இடம் பணத்துக்கும் பேச்சுக்கும் உள்ள இடம். அங்கே சனி இருந்தால் வாங்குகிற காசு விரல் இடுக்கில் ஒழுகிவிடும். நாலு பேர் நடுவில் வார்த்தையும் எடுபடாது.

"உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன். கையில வாங்காத. வெச்சா எடுத்துக்க."

அன்றிலிருந்து வைத்ததை எடுத்துக்கொண்டான்.

கொட்டகையில் மட்டுமல்ல. மளிகைக் கடையில் மீதிச் சில்லறையைத் தராசுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வான். பஸ்ஸில் கண்டக்டர் நீட்டினால் மனைவி லாவண்யாதான் வாங்க வேண்டும். கல்யாணத்தில் மாமனார் கொடுத்ததைத் துண்டை விரித்து அதில் போடச் சொன்னான். ஊரே சிரித்தது. ஒருநாள் மகள், உண்டியலில் சேர்த்த ஒற்றை ரூபாயை அப்பாவுக்கு என்று உள்ளங்கையில் வைக்க வந்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் குழந்தை அழுதது.

நாமும் ஒரு தறி போடலாம் என்று லாவண்யா பேச்செடுக்கும்போதெல்லாம், "என் கை வெளங்காத கை, வுட்டுரு" என்று அவனே வாயை அடைத்துவிடுவான்.

போன வாரம் படவேட்டுக் கோயிலுக்குப் போனபோது அவள்தான் பிடிவாதமாக ஒரு ஜோசியர் முன்னால் உட்கார வைத்தாள். அவர் கட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மகரத்துக்கு ரெண்டாம் எடம் கும்பம். அது சனியோட சொந்த வூடு. அவரு வூட்டுல அவரு உக்காந்துகினு இருக்காரு, உனக்கு இன்னாய்யா பேஜாரு? ஒழைச்சு சேக்கறவன் ஜாதகம் இது. பஞ்சாங்கம் தெரிஞ்ச எவனும் இத கெட்டதுன்னு சொல்ல மாட்டான். தைரியமா கையில வாங்கு."

திரும்பி வரும்போது பஸ் முழுக்க முதலாளியை நினைத்துத்தான் ஜீவானந்தத்துக்குச் சங்கடமாக இருந்தது. பாவம், எத்தனை பேருக்குப் பார்க்கிறார், ஒரு கட்டம் தவறியிருக்கும். அவர் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று வாரம் முழுக்க வார்த்தையைக் கோத்துப் பார்த்திருந்தான். முதல் கூலியை உள்ளங்கையில் வாங்கி அப்படியே கொண்டுபோய் லாவண்யாவிடம் காட்ட வேண்டும். அதற்கப்புறம் தறியைப் பற்றிப் பேசலாம்.

"கும்பத்துல இருக்காராம் மொதலாளி. சொந்த வூடாம்."

"ஆமா. கும்பம்தான். ஆட்சிதான்" என்றார் சிவப்பிரகாசம்.

தெரியாததைத் தெரிந்துகொண்டவர் குரல் இல்லை அது.

முதலாளி அவன் நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு நோட்டுகளைத் தன் சட்டைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார்.

"காலம் மாறிப்போச்சுடா. கையி இன்னா, பலகை இன்னா. உன் நம்பர சொல்லு, போன்லயே போட்டு வுட்டுடறேன். இனிமே நீ குனியவே வேணாம்."

போனில் வேண்டாம், கையில்தான் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தான். சுவரோரம் அடுத்த சேலைக்கான புதுப் பாவு சுருட்டி வைத்திருந்தது. அதை யார் தறியில் ஏற்றுவது என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை.

ஜீவானந்தம் நம்பரைச் சொன்னான்.

அவன் பையில் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

அடுத்து கந்தசாமி வந்தார். முதலாளி சட்டைப் பையிலிருந்த அதே நோட்டுகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, மேலே தன் கையையும் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார்.

அவருக்குப் பின்னால் தமிழ்வாணன். இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவன். பிறந்த நாளையும் நேரத்தையும் அவனிடம் யாரும் கேட்கவில்லை.

"உனக்கு வூடு எங்கடா?"

"காலனிங்க. ஜீவாண்ணன் வூட்டுக்கு எதிர் வூடு."

முதலாளி மறுபடி செல்போனை எடுத்தார்.

"நம்பர சொல்லு."